கடுதாசியா, மின்னஞ்சலா? தபால்காரர் இனி எதைக் கொண்டு வருவார்?

2026 ஜனவரி 4, ஞாயிறு, காலை

வாசகர் ஒருவரின் கேள்வி: "டென்மார்க்கில் அரசுத் தபால் நிறுவனம் கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. நம் பினாங்கிலும் தபால் பெட்டியைத் திறந்தால் பில், பீட்சா விளம்பரம், மறுபடியும் பில். கையால் எழுதிய கடிதம் மின்னஞ்சலைவிட உயர்ந்தது என்று இன்னும் எதற்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? பழைய ஆட்களின் ஏக்கம்தானே இது?"

ஏக்கம் இல்லை. கையால் எழுதும்போது பொய் சொல்வது கடினம். அடித்தால் அடித்த கோடு தெரியும், தயங்கினால் மை ஊறி நிற்கும். மின்னஞ்சலில் பத்து முறை மாற்றினாலும் கடைசியாக வைத்ததுதான் மற்றவருக்குத் தெரியும். என் பதில் இவ்வளவுதான்.

ஜனவரி 4, இரவு

காலையில் எழுதியது போதவில்லை. சாப்பிட்டுவிட்டு அலமாரியின் மேலிருந்து ரொட்டி டின்னை இறக்கினேன். 31 கடிதங்கள், 1968 முதல் 1981 வரை. எல்லாம் அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, சின்னத் தாத்தா என் தாத்தாவுக்கு எழுதியவை. பெரும்பாலும் நீல நிற விமானக் கடிதத்தாள். மூன்றாக மடித்து ஓரத்தை ஒட்டுவார்களே, அது. உள்ளே ஒன்றும் வைக்கக்கூடாது என்று அச்சிட்டிருக்கும். ஒன்றில் மட்டும் விபூதித் துகள் இன்னும் மடிப்பில் இருக்கிறது.

1972 அக்டோபர் கடிதத்தை அப்படியே எழுதுகிறேன்:

"உ. அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தம்பி எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் யாவரும் நலம். அங்கு தாங்கள், அண்ணி, பிள்ளைகள் நலமறிய ஆவல். மழை இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. கடலை பாதிதான் தேறும். சிவப்பி கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. கிணற்று விஷயம் தாங்கள் எழுதியபடியே இருக்கட்டும். இனி நான் அதைப் பேசவில்லை. பேத்தியின் கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாக வாத்தியார் சொன்னார்."

அந்தப் பேத்தி நான்தான். வயது 10. நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், அங்கே தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பு.

ஜனவரி 6

டென்மார்க் பற்றி ஒரு திருத்தம், அந்தச் செய்தி அரைகுறையாகச் சுற்றுகிறது. அங்கே கடிதம் அனுப்புவதே ஒழிந்துவிடவில்லை. 1624-இல் தொடங்கிய அரசுத் தபாலின் வழிவந்த போஸ்ட்நார்ட் நிறுவனம் 2025 முடிவோடு கடித விநியோகத்தை விட்டது. வேறொரு தனியார் நிறுவனம் அதைச் செய்கிறது. போஸ்ட்நார்ட் சொன்ன கணக்கு: 2000-ஆம் ஆண்டில் சுமார் 140 கோடி கடிதங்கள், 2024-இல் 11 கோடி. தெருவில் நின்ற 1,500 சிவப்புப் பெட்டிகளைக் கழற்றினார்கள். அரசாங்கத் தாக்கீதுகள் அங்கே முன்னரே மின்வழிக்குப் போய்விட்டன. கடிதத்தைக் கொன்றது காதலர்கள் இல்லை, பில்தான். பில் போனதும் தபால்காரரின் பை காலியாகிவிட்டது.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தெருவுக்கு 100 கடிதம் வந்தாலும் ஒன்று வந்தாலும் தபால்காரர் அந்தத் தெருவுக்குப் போயே ஆக வேண்டும். மோட்டார் சைக்கிள், பெட்ரோல், சம்பளம் எல்லாம் அதேதான். நம் பாட்டிமார் அனுப்பிய கடிதத்துக்கான செலவில் பெரும்பங்கை வங்கிகளும் மின்சார பில்லும் சேர்ந்து சுமந்துகொண்டிருந்தன. அவை விலகியதும் மிச்சமிருக்கும் ஒற்றைக் கடிதத்தின் தலையில் முழுச் சுமையும் விழுகிறது.

ஜனவரி 7

தபால் தலை விலை ஏறியதைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தார்கள். 2010 ஜூலையில் நம் மலேசியாவில் சாதாரணக் கடிதம் 30 காசிலிருந்து 60 காசானது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒன்று. பினாங்கின் குளுகோரில் நான் ஒட்டும் அதே தலைதான் சரவாக் உட்பகுதியில், பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும், படகில் போய்ச் சேரும் நீளவீட்டுக்கும். தூரம் எவ்வளவானாலும் ஒரே விலை என்பது 1840-இல் ரோலண்ட் ஹில் இங்கிலாந்தில் கொண்டுவந்த ஏற்பாடு. அதற்கு முன்பு கடிதம் வாங்குகிறவர்தான் பெரும்பாலும் காசு கொடுப்பார், கொடுக்க முடியாதவர் வாசலிலேயே திருப்பி அனுப்புவார். எனக்குப் பயம் விலை ஏற்றத்தில் இல்லை. ஊருக்கு ஒரு விலை, காட்டுக்கு ஒரு விலை என்று என்றைக்கு வருகிறதோ, அன்றைக்குத்தான்.

ஜனவரி 11

தோட்டத்தில் கடிதம் எப்படி வந்தது என்று கேட்ட தம்பிக்கு, கொஞ்சம் நீளமாகவே.

தபால்காரர் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வரமாட்டார். பட்டணத்திலிருந்து தபால் பை தோட்டத்து ஆபீசுக்கு வரும். ஆபீஸ் எழுத்தரான யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா பிரித்து அடுக்குவார். மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, கடிதம் வந்தவர்களையும் சேர்த்துக் கூப்பிடுவார். பால் வாளியும் கத்தியுமாக நிற்கிறவர் நீலத்தாளை வாங்கி மடியில் செருகிக்கொண்டு ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போய்விடுவார். படிக்கத் தெரியாதே. மதியம் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் வந்த பிறகுதான் கடிதம் வாய் திறக்கும்.

எங்கள் லயத்தில் வாசிக்க மூன்று பிள்ளைகள் இருந்தோம். நான் வாசித்தால் பக்கத்து வாசற்படிகளிலும் ஆட்கள் வந்து உட்காருவார்கள். ஒருவர் வீட்டுக் கடிதம் எட்டு வீட்டுக்குக் கேட்கும். யார் ஊரில் மழை, யார் மாமன் செத்தார், எந்தப் பெண் சமைந்தாள், எல்லாம் பொது. மின்னஞ்சலைப் பற்றி "அந்தரங்கம் இல்லை" என்று பேசுகிறவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

நல்ல சேதிக் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் இருக்கும். கருமாதிக் கடிதத்தை வாசித்த கையோடு கிழித்து வெளியே போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். அதனால்தான் என் டின்னில் உள்ள 31-இல் சாவுச் சேதி ஒன்றுகூட இல்லை. எங்கள் வம்சத்தில் அந்த 13 வருஷமும் யாருமே சாகவில்லை என்று இந்த டின்னை மட்டும் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

பதில் எழுதுவது ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லச் சொல்ல ஒரு நாள் எழுதினேன்: "பசுவும் மருமகளும் சுகம்." அந்த வரிசையில்தான் சொன்னார். மாற்றி எழுதட்டுமா என்றேன். "ஏன், பசுவுக்குத்தானே போன மாசம் காய்ச்சல்" என்றார். மருமகளும் சேர்ந்துதான் சிரித்தார்.

ஜனவரி 12

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியென்றால் கடிதம் வாசித்தவர், எழுதியவர் என்று நடுவில் எப்போதும் ஒரு குழந்தை இருந்ததே. உங்கள் முதல் குறிப்பில் கையெழுத்து பொய் சொல்லாது என்றீர்களே, அது யாருடைய கை?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. இதற்கு இன்னொரு நாள் பதில் எழுதுகிறேன்.

ஜனவரி 18

இன்று மின்னஞ்சல் பக்கம் பேசுகிறேன்.

முதல் மின்னஞ்சலை 1971-இல் ரே டாம்லின்சன் அனுப்பினார். பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு கணினிகளுக்கு இடையில்தான் போனது. அதில் என்ன எழுதினார் என்று அவருக்கே பிறகு ஞாபகம் இல்லை. விசைப்பலகையில் வரிசையாகத் தட்டிய எழுத்துகளாக இருக்கலாம் என்றார். பெயருக்கும் இடத்துக்கும் நடுவே நாம் போடும் அந்தச் சுழித்த குறியைத் தேர்ந்தவரும் அவர்தான்.

நமக்கு வெகு காலம் அதில் தமிழ் இல்லை. பிறகு வந்தபோதும், அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால் திரை முழுக்கக் கட்டமும் கொக்கியும்தான். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைச் செய்தார். அதன் வழியில் வந்ததற்கு "முரசு அஞ்சல்" என்று பெயர். தமிழைக் கணினியில் எழுத உட்கார்ந்தவர் அதற்கு அஞ்சல் என்று பெயர் வைத்தாரே என்று எனக்கு இன்றும் சந்தோஷம்.

என் மகன் 2003 முதல் 2006 வரை அயர்லாந்தில் மருத்துவம் படித்தபோது வாரம் ஒரு மின்னஞ்சல் போடுவான். ஆங்கில எழுத்தில் தமிழ். "அம்மா, ரசம் வைத்தேன், புளி அதிகம்." அந்தக் கணக்கைச் சில வருஷம் நான் திறக்கவில்லை. திறந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை, பயன்படுத்தாத கணக்கு என்று அழித்துவிட்டார்களாம். மூன்று வருஷத்துக் கடிதங்கள். வீடு எரிந்தால்கூட ஒரு மூலையில் ஏதாவது மிஞ்சும்.

மிஞ்சியது, நான் முன்பு ஜெலுத்தோங் சைபர் கஃபேயில் பிரிண்ட் எடுத்து வைத்த 11 தாள்கள். அதில் ரசம் இருக்கிறது. முதல் பனியைப் பார்த்த நாள் இருக்கிறது. அவன் உடம்பு சரியில்லாமல் இருந்த பிப்ரவரி இல்லை.

ஆகவே எழுதியதைத் தாளில் எடுத்து வையுங்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

ஜனவரி 19

தாளைக் காப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு. கிழிந்த மடிப்பில் செலோடேப் ஒட்டாதீர்கள். நான் 1990-களில் ஆறு கடிதங்களுக்கு ஒட்டினேன். பசை பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கி, எழுத்தையும் தின்றுவிட்டது. லேமினேட் செய்யாதீர்கள், திருப்பி எடுக்க முடியாது. பினாங்கின் ஈரக்காற்றில் இராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் இழுக்கும் சிலிக்கா பொட்டலத்தோடு, மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். குறிப்பு எழுதினால் பென்சிலால். படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், பேனா அழுத்திய தடமும் தெரியும். பின்பக்கத்தையும் எடுங்கள்.

ஜனவரி 25

பேச்சு தபால் தலைக்குப் போய்விட்டது, போகட்டும். பினாங்கில் முன்பு இந்தியத் தபால் தலை ஒட்டினார்கள் என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்திருக்கிறார். முதலாமவர் சொன்னது சரி. 1867 வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் கல்கத்தாவின் ஆளுகையில் இருந்தவை. 1854 முதல் இந்தியத் தலைகள்தான். அவற்றின் மேல் விழும் முத்திரையில் பி 147 என்று இருந்தால் பினாங்கு, பி 172 என்றால் சிங்கப்பூர். 1867 செப்டம்பரில் அதே இந்தியத் தலைகளில் கிரீடமும் காசு மதிப்பும் அச்சடித்து விற்றார்கள். பழைய பெட்டிகளில் தேடுகிறவர்கள் தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். உறையோடு இருந்தால்தான் எங்கிருந்து எங்கே போனது என்று தெரியும்.

என் தாத்தா வந்தது அதற்கு எவ்வளவோ பின்னால், 1930-களில். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கை ஒட்டிய புலாவ் ஜெரெஜாக் தீவில் மருத்துவத் தடுப்பில் இருந்துவிட்டு, தோட்டத்துக்கு. அந்தக் கப்பலில்தான் அப்போது தபால் மூட்டையும் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் ஊரிலிருந்து ஒரு வரியும் இல்லை. ஜப்பான்காரர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்களில் இவர் இருந்தாரா, இருந்தாலும் உயிரோடு இருக்கிறாரா என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. 1946-இல் போட்ட முதல் கடிதம் கிடைத்ததும் அவர் அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாராம். இது வாய்வழியாகக் கேட்டது.

பிப்ரவரி 2, தைப்பூசம் முடிந்த மறுநாள்

தண்ணீர்மலை முருகன் கோயிலில் நேற்று நின்ற கால் இன்னும் வலிக்கிறது. ஜனவரி 12-இல் கேட்டவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

தபாலின் அனைத்துலக ஏற்பாடு 1874-இல் பெர்ன் நகரில் உருவானது. ஒரு நாடு வசூலிக்கும் தபால் கட்டணத்தை அந்த நாடே வைத்துக்கொள்ளும், வந்து சேரும் வெளிநாட்டுக் கடிதத்தை மற்ற நாடு காசு கேட்காமல் கொடுத்துவிடும். ஏன் அப்படி ஒத்துக்கொண்டார்கள் தெரியுமா? போகும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும், ஆகவே கணக்கு நேராகிவிடும் என்ற எண்ணத்தில்தான். 1969-இல் தோக்கியோ மாநாட்டில்தான் அதை மாற்றி, கூடுதலாக வாங்கும் நாட்டுக்கு ஈடு கொடுக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 100 வருஷம் உலகத்துத் தபால் முழுவதும், ஆள் பதில் எழுதுவான் என்ற நம்பிக்கையில் ஓடியிருக்கிறது.

என் டின்னில் பதில்கள் மட்டும்தான் இருக்கின்றன. நாங்கள் எழுதியவை அந்தப் பக்கம். கடிதம் போட்டவுடன் நம் பாதி நம்மைவிட்டுப் போய்விடுகிறது. மின்னஞ்சலில் இரண்டு பாதியும் ஒரே இடத்தில் இருக்கும், போனால் இரண்டும் சேர்ந்து போகும். முதல் நாள் நான் மின்னஞ்சலுக்கு இந்தப் பெருமையைக் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறேன்.

இனி, அந்தக் கை யாருடையது என்ற கேள்வி. 1972-இல், ஆகஸ்ட் அல்லது செப்டம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்னத் தாத்தா கிணற்றில் தாத்தாவுக்கு இருந்த கால் பங்கை எழுதிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். தாத்தா சொன்னார்: "கெணத்துப் பங்க எழுதிக் குடுக்க மாட்டேன்னு எழுது ஆத்தா. நாளைக்கு இங்க இருந்து போகச் சொல்லிட்டா, நம்ம புள்ளைங்க எங்க போவும்?"

நான் அதை எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது சண்டை எழுதச் சொல்லித்தரவில்லை. தாளிலும் இடம் குறைவு. "மாட்டேன்" என்று பெரியவர்களுக்கு எழுதினால் வாத்தியார் திட்டுவார் என்றும் நினைத்தேன். அந்த இடத்தில் "சித்தி, பிள்ளைகள் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று முத்து முத்தாக எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். எழுதாததையும் சேர்த்து, அவர் சொன்னபடியே வாசித்தேன்.

தாத்தா ஏன் பயந்தார் என்று எனக்கு 20 வயதுக்கு மேல்தான் புரிந்தது. அவரிடம் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு. அப்பாவுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது, எங்கள் லயத்திலிருந்தே மூன்று குடும்பங்கள் பெட்டி கட்டிக் கப்பல் ஏறின. அந்தக் கால் கிணறு தாத்தாவுக்குத் தண்ணீர் இல்லை, திரும்பிப் போக ஓர் இடம். அதை நான் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். தாத்தா 1984-இல் போகும்வரை அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 4 இரவு, "தாங்கள் எழுதியபடியே இருக்கட்டும்" என்ற வரியைத் தட்டும்போது கை நின்றுவிட்டது. நான்தான் எழுதவே இல்லையே. சின்னத் தாத்தா எதைப் படித்தார்?

பிப்ரவரி 8

சின்னத் தாத்தாவின் பேரன், எனக்குத் தம்பி முறை, ஊரில்தான் இருக்கிறான். கல்யாணப் பத்திரிகை அனுப்பிய சமயத்தில் வாங்கிவைத்த மின்னஞ்சல் முகவரி இருந்தது. பழைய கடிதம் ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். அன்று மாலையே பதில்: "அக்கா, மாட்டுக்கொட்டகைல கம்பில குத்தித் தொங்குது. தாத்தா எதையும் தூக்கிப் போடமாட்டார். அடில இருக்கறது செல்லரிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை இறக்கிப் பாக்கறேன்."

கம்பியில் குத்துவது! நான் மறந்தே போயிருந்தேன். வளைத்த கம்பி, அடியில் ஒரு மரக்கட்டை, வந்த கடிதமெல்லாம் நடுவில் ஓட்டை விழுந்து ஒன்றன் மேல் ஒன்றாக. தேதி வரிசை தானாகவே வந்துவிடும்.

ஜன்னல் வெளிச்சம், பின்பக்கம், இரண்டையும் அவனுக்கு எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 15

19 படங்கள் வந்திருக்கின்றன. 14 என் கையெழுத்து. எட்டு வயதுக் கையெழுத்தில் தொடங்கி, 15 வயதில் சாய்ந்து போகிறது. எல்லாவற்றிலும் நடுவில் ஓட்டை. ஒன்றில் ஓட்டை சரியாக "நலம்" மேல் விழுந்திருக்கிறது.

1972 கடிதம் இருக்கிறது. நிபோங் திபால் முத்திரை, செப்டம்பர். "சித்தி, பிள்ளைகள் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்." நான் எழுதியபடியேதான் இருக்கிறது, கிணறு இல்லை.

பின்பக்கம் படம் இல்லை. கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 16

பின்பக்கம் வந்துவிட்டது.

அனுப்புநர் பெயர் எழுதும் மடிப்பில், என் கையெழுத்தில் தாத்தா பெயரும் தோட்டத்து முகவரியும். அதற்குக் கீழே, ஒட்டும் ஓரம்வரை நெருக்கி, கறுப்பு மையில் இரண்டு வரி. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சம்பளக் கார்டில் மாதாமாதம் பார்த்தது. கிராணி ஐயாவுடையது.

"கிணற்றுப் பங்கை எழுதித் தருவதற்கில்லை. இங்கு நிலைமை சரியில்லை. பிள்ளைகள் திரும்பி வந்தால் அவர்களுக்கு வேண்டும். இது அண்ணன் நேரில் சொல்ல எழுதியது."

தாத்தா கடிதத்தை ஆபீசில் கொடுக்கும்போது கிராணி ஐயாவை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். நான் விட்டது அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு 12 வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் என்னைத்தான் எழுதச் சொன்னார்.

தம்பியின் மின்னஞ்சலில் கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது: "அக்கா, கிணறு இப்பவும் இருக்கு, மோட்டார் போட்டிருக்கோம். கூட்டுப் பட்டாவுல பெரிய தாத்தா பேரை யாரும் எடுக்கல. எடுக்கக்கூடாதுன்னு எங்க தாத்தா சொல்லிட்டுப் போனாரு. எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாது."